கறை மேசை

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் கட்டடத்துக்கு அடியில், வண்டிகள் நிறுத்தும் இடத்தை ஒட்டி இருந்தது. மேலே எட்டு மாடி, பன்னிரண்டு வார்டு. அத்தனையின் அழுக்கும் லிஃப்டில் இறங்கி இங்கேதான் வரும். இங்கே கறை எடுப்பவள் வெள்ளையக்கா. அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. எந்தக் கறையையும் வெளுக்க வைத்துவிடுவாள் என்று யாரோ விளையாட்டாகக் கூப்பிட்ட பெயர், இருபத்திரண்டு வருஷத்தில் நிலைத்துவிட்டது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. படுக்கை மாற்றும் ஆயாக்கள், விரிப்பில் இரத்தமோ மருந்தோ பட்டிருந்தால் அதன் மூலையில் ஒரு முடிச்சுப் போட்டு அனுப்ப வேண்டும். முடிச்சு இல்லாதவற்றை மெஷின்காரர் அப்படியே மெஷினுக்குள் தள்ளிவிடுவார். முடிச்சு விழுந்தவை மட்டும் வெள்ளையக்காவின் மேசைக்கு வரும். அவள் முடிச்சை அவிழ்த்து, விளிம்பில் தைத்திருக்கும் வார்டு நம்பரைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவாள். இரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான்; வெந்நீர் பட்டதோ, கறை குடியேறிவிடும். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரும்போது அவள் முகத்தில் ஒரு பெரிய படிப்புப் படித்த களை வரும்.

ஏழாம் நம்பர் விரிப்பைக் கண்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். ஏழு, பெண்களுக்கான புற்றுநோய் வார்டு. "அங்க போனவ எவளும் உருப்படியா வீடு திரும்பினதில்லடி" என்பாள், பக்கத்தில் இஸ்திரி போடும் தோழியிடம். அவளுக்கு அதில் துளி சந்தேகமும் கிடையாது. அந்த வார்டிலிருந்து சுத்தமான விரிப்பு ஒன்றுகூட அவள் கைக்கு வந்ததில்லையே.

ஒருநாள் காலையில் அவளுடைய உள்பாவாடையிலேயே கறை இருந்தது. மாதவிலக்கு நின்று நாலு வருஷம் ஆகியிருந்தது. கிழவிக்கு வயசு திரும்புகிறது போல என்று தனக்குள் சிரித்துக்கொண்டே பச்சைத் தண்ணீரில் நனைத்தாள். இரண்டே அலசலில் போய்விட்டது. லேசில் போகிற கறை என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்பது தொழிலில் அவள் கற்றது. துணிக்கு அது சரிதான். உடம்பும் துணியும் ஒன்றா என்று கேட்கத்தான் அங்கே ஆளில்லை.

பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தது. அப்போது வைத்தியத்தில் இறங்கினாள். முதலில் மாதுளம்பழத் தோலைக் கொதிக்கவைத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். இரத்தம் அதற்கு மசியவில்லை என்றதும், சித்தி மகளுக்கு என்று ஓர் ஆயாவிடம் கதைவிட்டு, இரத்தம் நிறுத்தும் மாத்திரையின் காலி அட்டை ஒன்றை வாங்கினாள். மருந்துக்கடைக்காரன் அட்டையைப் பார்த்தானே தவிர ஆளைப் பார்க்கவில்லை. மாத்திரை போட்டால் நிற்கும், விட்டால் வரும். நிற்கிற நாளெல்லாம் ஜெயித்துவிட்டதாக நினைத்தாள். பிறகு இடுப்புவலிக்கு ஒரு மாத்திரை சேர்ந்தது, முகம் வெளுத்தபோது சத்து டானிக் ஒன்று.

லிஃப்டில் ஏறினால் மூன்றே நிமிஷத்தில் பெண் டாக்டரின் அறை. ஊழியர்களுக்கு இலவசம் வேறு. எத்தனை பேருக்கு வாய்க்கும் இந்த வசதி! அவளோ லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே மேசைமேல் குனிந்துகொள்வாள். அந்தக் கதவுக்குப் பின்னால் டாக்டர் தெரியவில்லை, ஏழாம் வார்டுதான் தெரிந்தது.

வீட்டில் அவளும் மகளும்தான். மகள் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்தாள்.

"என்னம்மா இது, காலையில எழுந்ததும் எழாததுமா துவைக்கிற? அங்க துவைக்கிறது பத்தலையா?"

"சும்மா இருந்தா கை அரிக்குதுடி."

"இந்த மாத்திரையெல்லாம் யாருக்கு?"

"முட்டிவலி. வயசாகுதில்ல."

"மூஞ்சியில ரத்தமே இல்லம்மா உனக்கு. வா, டாக்டர்கிட்ட போலாம்."

"நான் பாக்காத டாக்டரா? அவங்க போடுற வெள்ளக் கோட்டெல்லாம் வெளுக்கிறதே நான்தான்."

மகள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்தது. ஒரே ஒரு கறை கண்ணில் பட்டிருந்தால் மகள் அவளைத் தரதரவென்று இழுத்துப் போயிருப்பாள். ஆனால் கறை எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கைதான் அவளுக்கே வினையாகிவிட்டது.

பதினோராவது மாதம், மேசைமேல் ஒரு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். "அக்கா! அக்கா, கண்ணத் தெறங்க!" என்று இஸ்திரித் தோழி அலறினாள். மெஷின்காரர் அழுக்குத்துணி வண்டியைக் காலிசெய்து அதிலேயே அவளைக் கிடத்தினார். கண் விழித்தபோது லிஃப்ட் மேலே போய்க்கொண்டிருந்தது.

"ஏழுக்கு மட்டும் வேணாம்" என்றாள்.

ஒரு வாரம் சோதனைகள் நடந்தன. கடைசியில் ஏழுக்குத்தான் அனுப்பினார்கள்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டாள் அந்த வார்டின் டாக்டர்.

"பதினொரு மாசமா."

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். "முதல் மாசமே வந்திருந்தா ஆபரேஷன் பண்ணி பத்து நாள்ல வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்மா. கர்ப்பப்பையோட போயிருக்கும். இப்போ நுரையீரல் வரைக்கும் வந்திருக்கு. வலி இல்லாம பாத்துக்கலாம்."

கூட வந்திருந்த மகள் அந்த ரிப்போர்ட்டை வாங்கி முதலிலிருந்து பார்த்தாள்.

மறுநாள் பக்கத்துக் கட்டில்காரி வீட்டுக்குக் கிளம்பினாள். அவளுக்கும் இதே நோய்தான். தலையைச் சீவி, பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு, "நல்லபடியா இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தே போனாள். ஆயா வந்து அந்தக் கட்டிலின் விரிப்பை உருவினாள். வெள்ளையக்கா எட்டிப் பார்த்தாள். ஒரு பொட்டுக் கறை இல்லை.

"அதுக்கு முடிச்சுப் போடலையா?"

"எதுக்குக்கா? சுத்தமா இருக்கே. நேரா மெஷினுக்குத்தான்."

"இந்த மாதிரி எத்தன பேரு போவாங்க?"

"வீட்டுக்கா? நெறைய பேரு போறாங்கக்கா. நேரத்துல வந்தவங்க முக்காவாசிப் பேரு நடந்துதான் போறாங்க."

மெஷின் அவளுடைய மேசைக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் இருந்தது. பிழைத்துப் போனவர்களின் விரிப்புகள் இருபத்திரண்டு வருஷமாக அவள் முதுகுக்குப் பின்னாலேயே அதற்குள் போயிருக்கின்றன. அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

மாலையில் மகள் வந்து காலடியில் உட்கார்ந்தாள். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லம்மா?"

"முடிச்சுப் போட்டது மட்டும்தாண்டி என் கைக்கு வந்துச்சு" என்றாள் வெள்ளையக்கா. மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்க இவளுக்கு மூச்சு இல்லை.

அடுத்த நாள் காலையில் ஆயா கறை பட்டிருந்த இவளுடைய விரிப்பை மாற்ற வந்தாள். "இரு" என்று சொல்லி, வெள்ளையக்கா அதன் மூலையைத் தேடிப் பிடித்து, தானே ஒரு முடிச்சுப் போட்டாள்.

"பச்சத் தண்ணியில போடச் சொல்லு" என்றாள்.