ஞாயிறு மதிய வெர்முத்

ஊரைக் காட்டிப் பிழைப்பவளுக்கு, ஊரைக் காட்டச் சொன்னால் ஏன் அத்தனை கோபம் வரவேண்டும்? மாட்ரிடில் வெளிநாட்டாருக்கு வாரயிறுதிப் பயணம் வகுத்துக் கொடுப்பவள் எவுலாலியா. தன் தெருவார் ஞாயிறு மதியம் வெர்முத் என்னும் மூலிகை ஒயினைக் குடிக்க ஒன்றுகூடும் சின்ன மதுக்கடையை மட்டும் அவள் எந்தத் திட்டத்திலும் சேர்த்ததில்லை. முதலாளி ஃபெர்மீன் அதையும் சேர்க்கச் சொன்னதும் வெடித்தாள்.

"நாங்களே தோளோட தோள் இடிச்சுக்கிட்டு நிக்கிறோம். ஒரு பஸ் ஆளைக் கொண்டாந்து கொட்டினா நாங்க எங்கய்யா போறது?"

"கத்தாத தாயே. அது என்ன, உன் வீட்டுச் சமையக்கட்டா? கேட்டதே கடைக்காரன்தான்."

அவளுக்குக் கோபம் அடங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டுப் பயணிகளை அவளே அழைத்துப் போய், தான் வழக்கமாக நிற்கும் மூலையில் நிறுத்தினாள். அதன்பின் அந்தக் கடை வாசலை மிதிக்கவில்லை. ஏனென்று யாரிடமும் சொல்லவுமில்லை.