தெற்கு வாசலை அடைத்த மானேஜர்

மலைமேல் பைக்காரா அருவியிலிருந்து கரண்ட் வந்தும் நஷ்டத்தில் ஓடும் எங்கள் நூல் மில்லைத் தூக்கி நிறுத்த வந்த புது மானேஜர், இன்று தன் முதல் காரியமாகத் தெற்கு வாசலைச் சுவர் வைத்து அடைத்து, கிழக்கே ஒரு வாசல் திறந்துவிட்டார்.

அறுந்து அறுந்து நாங்கள் தைத்து ஓட்டும் மிஷின் பெல்ட் காரணமில்லையாம். வாசல்தான் காரணம் என்று ஜோசியர் சொன்னாராம்.

"இனி நஷ்டம் உள்ளே வராது" என்று மானேஜர் எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார்.

நூல் சுற்றும் மாராத்தாள் பணிவாகத்தான் கேட்டாள்: "ஏனுங்க, முன்னமே உள்ள வந்துபோட்ட நஷ்டம் இனி எந்த வழியா வெளிய போகுமுங்க?"

"நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்றார்.

புதிதாகத் திறந்த கிழக்கு வாசல் வழியாக முதலில் வெளியே போனது அவள்தான். நாங்கள் பெல்ட்டைத் தைக்கப் போனோம்.

உங்கள் மில் மானேஜர் எந்தத் திசையைப் பார்த்து யோசிக்கிறார்?