மூன்றாவது பாட்டில் ஒரு சத்தம்

ஜனவரி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். நல்ல பனி, பாகூர் ஏரிக்கரை கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கிருந்தோ ஒரே சீராக உறுமல் கேட்டது. போர் மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடுகிறது, காயில் கம்பி கருகிவிடும் என்று பதறி மெயின் சுவிட்சை அணைத்தேன். உறுமல் நிற்கவில்லை. சற்று நேரம் கழித்துத்தான் நின்றது. முந்தின நாள் என் வீட்டு மாடிக்குக் குடிவந்தவர் இறங்கி வந்தார்.

"இன்னா சார், கரண்ட் போச்சா?"

"போகல. நான்தான் நிறுத்தினேன். மோட்டார் கத்துது."

"மோட்டார் இல்ல சார். நாந்தான்."

நாற்பது வயதிருக்கும்; பிள்ளைச்சாவடி மீனவக் குடும்பத்தவர். மேலே அழைத்துப் போய்க் காட்டினார். ஆள் உயரத்துக்கு ஒரு மரக்குழல், வாய் வைக்கும் இடத்தில் தேன்மெழுகு. டிஜிரிடூ என்றார், ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் வாத்தியமாம். அதை ஊதிப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் போட்ட டான்ஸ் தாளத்தோடு சேர்ப்பது அவர் வேலை. கடலோர வீட்டில் காற்று மைக்கில் இறங்குகிறது என்று இங்கே வந்திருந்தார். ஆறு பாட்டு, மூன்று மாதம் ஆகும் என்று மொத்த வாடகையையும் முன்னதாகவே கொடுத்துவிட்டார். நான் மெயினை அணைத்ததில் ஒரு பாட்டில் பாதி அழிந்துபோயிருந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அதனால் வீட்டில் இருந்த சத்தங்களை எண்ணினேன். ஏழு. ஃப்ரிஜ், சுவர்க்கடிகாரம், மோட்டார், இரும்பு கேட், பால்காரர் ஹாரன், என் மிதியடி, என் இருமல். ஒவ்வொன்றாக அடக்கினேன். கேட்டுக்குச் சாக்குக் கட்டினேன். பால்காரரிடம் ஹாரன் வேண்டாம் என்றதற்கு, "வூட்ல யாருக்கு சார் கொழந்த பொறந்துருக்குது?" என்று கேட்டார்.

மாலையில் அவர் கீழே வந்து, அன்றைக்குப் பதிவானதை ஹெட்போனில் போட்டுக் காட்டுவார். தாளம் நெஞ்சில் குத்தும். மண்டை விரிசல் விடுமோ என்றிருக்கும். ஆனால் அடியில் அந்த உறுமல் நூல் அறாமல் போய்க்கொண்டே இருக்கும். ஒரு மூச்சு எத்தனை விநாடி என்று எண்ணப் பார்ப்பேன். நிறுத்த இடமே கிடைக்காது.

"மூச்சு எங்கதான் விடுறீங்க?"

"விட்டாத்தான சார் கேக்கும்? கன்னத்துல கொஞ்சம் வெச்சிக்கினு ஊதறப்பவே மூக்கால இழுத்துக்கணும். எப்டி இருக்குது, சொல்லுங்க."

என் மனைவி போய்ச்சேர்ந்த இந்த நான்கு வருடத்தில் யாரும் என்னிடம் எதையும் எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. மகள் கனடாவிலிருந்து பேசும்போது மாத்திரையைத்தான் கேட்பாள். நான் ஒவ்வொரு பாட்டுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டேன். எதற்கும் ஆறுக்கு மேல் போடவில்லை. அவர் சிரித்துக்கொண்டே மறுபடி ஊதுவார்.

பத்தொன்பதாம் நாள் துள்ளிக்கொண்டு இறங்கி வந்தார்.

"முடிஞ்சிடுச்சி சார்! மூணு மாசம்னு நெனச்சேன். வூட்ட இப்டி அமைதியா வெச்சீங்க பாருங்க, அதான். காலைல கெளம்பறேன்."

வாடகை கொடுத்த நாள் இன்னும் மீதி இருக்கிறதே, இருந்துவிட்டுப் போகலாமே என்றேன்.

"வேல முடிஞ்சப்பறம் இங்க இன்னா சார் பண்றது?"

"மூணாவது பாட்டுல ஒரு சத்தம் இருக்கு. கேட் சத்தம். நான் அப்பவே சொல்லணும்னு இருந்தேன்."

அப்படி ஒன்றும் இல்லை. அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டார். திரும்ப ஒரு முறை கேட்டார். பிறகு கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆமா சார், இருக்குது. நாளைக்கு இன்னொரு வாட்டி ஊதிடலாம்."

மறுநாள் காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கிவந்து நானே குழம்பு வைத்தேன்.

"ஐஸ்ல கெடந்த மீனு சார் இது. எங்க ஊர்ல பூனகூட மோந்து பாக்காது" என்றவர், இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டார். பிற்பகல் மூன்றாவது பாட்டை ஊதினார். நான் கீழே நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண்ணவில்லை. முடித்ததும் வந்து கேட்டார்:

"இப்ப சத்தம் இல்லல்ல?"

"இல்லை."

அடுத்த நாள் காலை போய்விட்டார். மீதி வாடகையைத் திருப்பிக் கொடுத்தேன். அது அவர் பணம், அதைச் செலவில் சேர்க்க முடியாது. மீன் நானூற்று எண்பது, இரண்டு இளநீர் நூறு, புளியும் மிளகாய்த்தூளும் முப்பது. அவர் கூடுதலாக இருந்த அந்த ஒரு நாளுக்கு எனக்கு ஆனது அறுநூற்றுப் பத்து ரூபாய்.