ஒற்றை விரலில் திரும்பாத ஸ்டியரிங்

ஜீப்பின் முன் அச்சைப் பிரித்துக் கட்டுவது, ஒழுங்காகச் செய்தால்தான் திட்டு விழும் தொழில். எண்பதுகளில் ஓசூரில் அதைச் செய்து வயிறு வளர்த்தவன் நான். ரிப்பேர் பார்த்துக் கெட்ட பெயர் வாங்கிய சகபாவிகளே, உங்களுக்குத்தான் இது.

தராசும் தகடும்

தளி பாஷா பாய் முட்டைக்கோஸ் வியாபாரி. தோட்டத்துப் பாதை மழையில் சேறாகிவிடும். நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் இல்லாமல் ஆகாது. கோஸ் வெட்டும் பெண்களும் அதில்தான் மூட்டை மேல் உட்கார்ந்து வருவார்கள். ஒருநாள் இறக்கத்தில் ஸ்டியரிங் வெடவெடவென்று உதறி, வண்டி பள்ளத்து ஓரத்தில் போய் நின்றது. பெண்கள் இறங்கி நடந்தே போய்விட்டார்கள். அவர்கள் இனி ஏறாவிட்டால் தோட்டத்திலேயே கோஸ் வெடித்து வீணாகும். பாய் நேராக எங்கள் ஷெட்டுக்கு வந்தார்.

முன்சக்கரம் திரும்புகிற முட்டியில் மேலொன்று, கீழொன்று பேரிங். அவை சும்மா உட்கார்ந்தால் போதாது. சுமை ஏறுவதற்கு முன்பே கொஞ்சம் அழுந்தியிருக்க வேண்டும். அதற்குத்தான் மூடிக்கு அடியில் மெல்லிய தகடுகள். ஒன்றை எடுத்தால் இறுகும், சேர்த்தால் தளரும்; தளர்ந்தால் குழியில் விழும்போது சக்கரம் உதறும். புது பேரிங் போட்டு, ஆயில் சீலைக் கழற்றி வைத்துவிட்டு, முட்டி எவ்வளவு இழுப்புக்குத் திரும்புகிறது என்று ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தேன். தகடு மாற்றினேன், மறுபடி இழுத்தேன். முள் சரியான இடத்தில் நிற்கும்வரை விடவில்லை. கூட வேலை பார்த்த சேலத்து ஆறுமுகத்துக்குப் பசி.

"ஏண்ணா, அச்சு கட்டுறியா, கறி நிறுக்குறியா?"

விரல் பரீட்சை

எங்கள் பக்கத்தில் ஸ்டியரிங்கைச் சோதிக்க ஒரே வழிதான். வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டே ஆள்காட்டி விரலால் திருப்ப வேண்டும். திரும்பினால் கெட்டிக்கார மெக்கானிக், இல்லாவிட்டால் அரைகுறை. சரியாக அழுத்தம் கொடுத்த பேரிங் புதிதில் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும் என்று பாயிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு ஏறி, விரலைத்தான் வைத்தார்.

"நான் ஜீப்பு கேட்டேன் மேஸ்திரி. நீ ரோடு ரோலர் குடுக்குறியே."

கெலமங்கலத்து வைத்தியம்

சில நாளில் ஜீப் திரும்பி வந்தது, பழைய உதறலோடு. முன் அச்சு வேலையே இனி வேண்டாம், பிரேக் வேலை போதும் என்றான் ஆறுமுகம். எனக்கு மண்டை காய்ந்தது. மூடியைக் கழற்றினால், உள்ளே நான் வைக்காத தகடு ஒன்று பளபளவென்று இருக்கிறது. மறுபக்கமும் அப்படியே. கேட்டால், விரலுக்குத் திரும்பவில்லை என்று பாய் கெலமங்கலத்தில் வேறொரு மெக்கானிக்கிடம் சொல்லித் தளர்த்தியிருக்கிறார்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த இறக்கத்தில் வருவது பாய் மட்டுமில்லையே. மறுபடி தராசை மாட்டி, முன்பு வைத்த அளவுக்கே இறுக்கினேன். விரலுக்காக ஒரு தகடுகூடச் சேர்க்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டார்.

"சரி, நான் ஓட்டிக்கிறேன். ரத்னம்மா ஏற மாட்டேங்குது, அதுக்கு நீயே வந்து சொல்லு."

மூட்டை மேல் மெக்கானிக்

கோஸ் வெட்டும் பெண்களுக்கெல்லாம் ரத்னம்மாதான் தலைவி. பாதிக் கன்னடம், பாதித் தமிழ். பேரிங், தகடு, தராசு எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவ்வளவு நம்பிக்கை இருந்தால் முதலில் நீ ஏறி உட்கார் என்றார். விடுவேனா? ஏறினேன். பிறகு ஒவ்வொருவராக என்னைச் சுற்றி ஏறினார்கள்.

இறக்கம் வந்தது. அன்றைக்கு உதறிய அதே குழி. பாய் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். சக்கரம் குழியில் இறங்கி ஏறியது. ஜீப் கோடு போட்டதுபோல் நேராகப் போயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம். அடிவாரத்தில் வண்டி நின்றதும் ரத்னம்மா என் கையைப் பார்த்தார். அவருடைய கூடையை நான் விடாமல் பிடித்திருந்தேன்.

"ஆய்த்து மேஸ்திரி, வண்டி நடுங்கல. உன் கைதான் நடுங்குது, கூடைய விடு."

பேரிங் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைத் தராசே சொல்லிவிடும். மெக்கானிக்கின் வாய்ச்சொல் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கத்தான் அவனைக் கோஸ் மூட்டை மேல் ஏற்ற வேண்டியிருக்கிறது.