மத்தங்காய் சூப்பில் ஒரு கரண்டி கூனி

போன ஞாயிற்றுக்கிழமை மகள் சூப்பர் மார்க்கெட்டிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி வாங்கி வந்தாள். உள்ளே செக்கச் சிவந்த மசாலா. தாய்லாந்துக்காரர்கள் வைக்கிற மஞ்சள் பூசணி சூப்பை அன்று வீட்டிலேயே வைக்கப் போவதாகவும், அவளோடு வேலை பார்க்கிற இரண்டு பெண்கள் மத்தியானம் சாப்பிட வருவதாகவும் சொன்னாள். நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, குப்பியின் பின்புறம் எறும்பு ஊர்ந்ததுபோல் அச்சடித்திருந்ததை வாசித்தேன். மிளகாய், பூண்டு, உப்பு, எலுமிச்சைப்புல் என்கிற இஞ்சிப்புல், அப்புறம் இறால். மறுபடி வாசித்தேன். ஜன்னலோரம் கொண்டுபோய் மூன்றாவது முறையும் வாசித்தேன்.

"எதுக்கு இப்பிடி வாசிக்கிய? பரீட்சையா எழுதப் போறிய?" என்றாள் மகள்.

வருகிற பிள்ளைகளுக்கு இறால் ஒத்துக்கொள்ளுமா என்று போன் போட்டுக் கேட்கச் சொன்னேன். கேட்டாள். ஒத்துக்கொள்ளுமாம். பத்து நிமிடம் கழித்து, இரண்டு பேரிடமும் கேட்டாயா, ஒருத்தியிடம் மட்டுமா என்று விசாரித்தேன். அவள் மிக்ஸியை ஓட விட்டாள். அம்மாவுக்கு வயதாகிறது என்று நினைத்திருப்பாள். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தப் பயம் என் இருபத்திமூன்றாவது வயதில் வந்து ஒட்டிக்கொண்டது. சூப்பு கொதித்து, இஞ்சிப்புல்லும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த வாசம் வந்ததும் எனக்கு அடுக்களையில் நிற்க முடியவில்லை. வெளியே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

முட்டத்துக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து எங்கள் வீடு இருந்தது. அப்பா மஸ்கட்டில் வேலை பார்த்து மாடியில் இரண்டு அறை கட்டினார். எனக்குக் கல்யாணமானால் ஆகும் என்று கட்டியது. கல்யாணம் தள்ளிக்கொண்டே போனதால் அம்மாவும் நானும் அவற்றை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தோம். கன்னியாகுமரிக் கூட்டம் பிடிக்காத வெள்ளைக்காரர்கள் சிலர் தேடி வருவார்கள். நான் அப்போது கேட்டரிங் டிப்ளமோ முடித்திருந்தேன். கைதுடைக்கும் துணியை அன்னப்பட்சிபோல் மடிக்கத் தெரியும். எந்தக் கையில் கத்தி, எந்தக் கையில் முள்கரண்டி என்று யாரையும் திருத்துவேன். அந்த அன்னப்பட்சிகளை மடித்து வைத்தால் அம்மா பிரித்து உதறி மீன் சட்டியைப் பிடிக்க எடுத்துக்கொள்வாள். எனக்கு அழுகை வரும்.

கிறிஸ்துமஸ் கழிந்த வாரம் ஹெல்கா வந்தார். நார்வேக்காரர், அறுபது வயதிருக்கும், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தனியாக வந்திருந்தார். அவர் வந்த முதல் இரண்டு நாளும் நான் வீட்டில் இல்லை, குழித்துறையில் மாமா மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஹெல்காவுக்கு ஆங்கிலத்தை விட்டால் வேறு வழியில்லை. ஆனாலும் இருவரும் கையையும் முகத்தையும் வைத்தே பேசிச் சமாளித்திருக்கிறார்கள். அம்மா அவரைச் சந்தைக்குக்கூடக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். நான் திரும்பி வந்ததும் அம்மா சொன்ன முதல் செய்தியே அதுதான். வெள்ளைக்காரப் பெண் என்றால் அம்மாவுக்கு மதாம்மைதான்.

"ஏட்டி, மதாம்மைக்குத் தொண்ட நோவாக்கும். காலத்தே சந்தையில இறால் கூடையப் பாத்துக்கிட்டு நிக்கும்போ தொண்டயத் தொட்டுத் தொட்டுக் காட்டிச்சு. முழுங்க முடியாம கெடக்கும் போல, பாவம்."

இதில் சந்தேகப்பட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மாடிக்குப் போய், தொண்டை சரியில்லையா என்று ஹெல்காவிடம் கேட்டேன். கடல்காற்றில் அவருக்குக் கொஞ்சம் இருமல் இருந்தது. லேசாகத்தான், என்றார். முன்பு மூன்று வருடம் தாய்லாந்தில் பாடம் சொல்லிக் கொடுத்தாராம். அங்கே சளி பிடித்தால் பக்கத்து வீட்டுப் பெண் பூசணியும் தேங்காய்ப்பாலும் போட்டுக் காரமாக ஒரு சூப்பு வைத்துக் கொடுப்பாளாம். அதை நினைத்தாலே தொண்டை சரியாகிவிடும் என்று சிரித்தார். நான் விடுவேனா? செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டேன். உப்புக்குக் கொஞ்சம் மீன்சாறு விடுவார்கள், கிடைக்காவிட்டால் வெறும் உப்பே போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றார். அந்தக் கடைசி வார்த்தைகளையும் எழுதித்தான் வைத்திருந்தேன்.

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் மஞ்சள் பூசணியை மத்தங்காய் என்போம். பாதி மத்தங்காயைத் தோல் சீவித் துண்டு போட்டேன். இஞ்சிப்புல் வேலியோரம் நின்றது. அந்த ஊர் எலுமிச்சை இலைக்குப் பதில் நாரத்தை இலை. அவர்கள் போடும் இஞ்சிபோன்ற கிழங்குக்கு என்ன செய்வது என்று யோசித்து, நாட்டு மருந்துக்கடையில் சித்தரத்தை வாங்கி வந்தேன். வற்றல் மிளகாயை ஊறவைத்து, சின்ன உள்ளியும் பூண்டும் சேர்த்து அம்மியில் வெண்ணெய்போல அரைத்தேன். மத்தங்காய் தேங்காயின் இரண்டாம் பாலில் வெந்து குழைந்ததும் மசித்து, தலைப்பால் விட்டேன். ருசி பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் என் டிப்ளமோ நோட்டில் தாய்லாந்துச் சமையலுக்கு இறால் விழுது முக்கியம் என்று கோடு போட்டு எழுதியிருந்தது. ஹெல்கா வியந்துபோக வேண்டும், இந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டும். கூனி என்று எங்கள் பக்கத்தில் காய்ந்த பொடி இறால் உண்டு. ஒரு கரண்டி எடுத்து வறுத்துப் பொடித்துச் சேர்த்தேன். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "நல்ல மணமாட்டு இருக்கு" என்றாள்.

ஹெல்கா அடுக்களை மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். முதல் கரண்டிக்குக் கண்ணை மூடிக்கொண்டார். அதேதான், ஆனால் இன்னும் ஏதோ இருக்கிறது, என்றார். என்ன என்று நான் சொல்லவில்லை. முழுதும் சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன்.

ஏழெட்டுக் கரண்டி போயிருக்கும். மணிக்கட்டைச் சொறிய ஆரம்பித்தார். உதடு சிவந்தது. காரம் போலிருக்கிறது என்று தண்ணீர் கொடுத்தேன், ஒரு கரண்டி சீனியும் கொடுத்தேன். உதடு தடித்துக்கொண்டே போனது. எழுந்து நின்றவர் மூச்சை இழுத்தார், அது உள்ளே போகாமல் விசிலடித்தது. ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தொண்டையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "இதத்தான் மக்கா சந்தையில காட்டிச்சு" என்றாள்.

எனக்கு அந்த நொடியே எல்லாம் புரிந்துவிட்டது. புரியாதிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். ஒவ்வாமை பற்றி டிப்ளமோவில் ஒரு முழுப் பாடம் இருந்தது. அந்தத் தேர்வில் எனக்குத்தான் வகுப்பில் அதிக மதிப்பெண்.

தெருமுனையில் ஆட்டோ வைத்திருந்த சேவியர் அண்ணனைக் கூப்பிட்டு, மூவரும் ஏறிக்கொண்டோம். ஆஸ்பத்திரி பக்கத்து ஊரில் இருந்தது. இருபது நிமிடப் பாதை. நடுவழியில் ஐஸ் கட்டி இறக்கும் லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. சேவியர் அண்ணன் இறங்கிப் போய்க் கெஞ்சினார். நான் ஹெல்காவின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை நின்றுவிடுமோ என்ற பயத்தில் என் மூச்சையும் சேர்த்து எண்ணியிருப்பேன் போல, கணக்குத் தப்பிக்கொண்டே இருந்தது. அம்மா அவர் முதுகைத் தடவியபடி மாதாவை அழைத்துக்கொண்டிருந்தாள். ஹெல்காவின் நகங்கள் நீலமாகிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அங்கே ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தார். நர்ஸிடம் ஏதோ மருந்தைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, என்ன சாப்பிட்டார், மீன், இறால், கடலை ஏதாவது உண்டா என்று கேட்டார்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நான் இல்லை என்றேன். "பூசணிக்கா சூப் டாக்டர். சைவம்தான்" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. போலீஸ், வெள்ளைக்காரி, பேப்பரில் படம், அப்பா மஸ்கட்டிலிருந்து வந்து இறங்குவது, எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் வந்தது, வாய் தானாகச் சொல்லிவிட்டது. டாக்டர் உடனே ஹெல்காவின் கைப்பையைத் திறந்து, காலையில் என்ன மாத்திரை போட்டார் என்று அட்டை அட்டையாகப் புரட்ட ஆரம்பித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அரை நிமிடம் இருக்கும், ஒரு நிமிடமும் இருக்கலாம்.

"கூனி போட்டிருக்கு டாக்டரே" என்றாள் அம்மா. "நான்தான் போட்டேன். எனக்குத் தெரியாது."

டாக்டர் பையை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பினார். ஊசி தொடையில் இறங்கியது. மூக்கில் குழாய் வைத்தார்கள். கால் மணி நேரத்தில் அந்த விசில் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. அதன் பிறகுதான் டாக்டர் அம்மாவைத் திட்டினார். படித்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை அவளிடம் கேட்டிருக்கக் கூடாதா என்றார். அம்மா தலையாட்டிக்கொண்டாள்.

மாலையில் ஹெல்கா உட்கார்ந்து பேசுகிற அளவுக்குத் தேறினார். டாக்டரே அவருக்கு ஆங்கிலத்தில் விளக்கினார், அந்த அம்மா தெரியாமல் காய்ந்த இறாலைப் போட்டுவிட்டார் என்று. ஹெல்கா அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, கோபமில்லை என்று உன் அம்மாவிடம் சொல், சைகையில் பேசினால் இப்படித்தான் ஆகும், நீ இல்லாவிட்டால் நான் இங்கே வந்து சேர்ந்திருக்க மாட்டேன் என்றார்.

அதை நான்தான் மொழிபெயர்த்தேன். "மதாம்மைக்குக் கோபம் இல்லையாம்மா" என்றேன். மீதியைச் சொல்லவில்லை. அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "சரி மக்கா" என்றாள்.

ஹெல்கா அறையைக் காலி செய்துகொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன், போனால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் நான்கு நாள் கூடுதலாகத் தங்கினார். மூன்றாம் நாள் அதே சூப்பு வேண்டும் என்றார். அடுக்களையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் போடுகிற ஒவ்வொன்றையும் பார்த்தார். நான் சட்டியை மூன்று தடவை கழுவினேன், அம்மியை வெந்நீர் ஊற்றித் தேய்த்தேன். இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். அவர் ஒவ்வொரு கரண்டி விழுங்கும்போதும் நான் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். போதும் என்று கிண்ணத்தை நகர்த்திய பிறகும் ஒரு மணி நேரம் ஏதேதோ சாக்குச் சொல்லி மாடிக்கு ஏறி இறங்கினேன்.

அவர் போன அன்று அம்மாவிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. அம்மா மாடி விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். "கையக் காட்டினதப் புரியாம ஒனக்க கிட்ட தப்பாச் சொன்னது நான்தானே? பின்ன நான் போட்டதுதான்" என்றாள். அது பாதிதான் சரி என்று அவளுக்கும் தெரியும். டாக்டரிடம் நான் சொன்ன பொய்யைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நார்வேயிலிருந்து ஒரு அட்டை வரும். பனி மூடிய ஒரு வீட்டுப் படம், பின்னால் நான்கு வரி. உன் அம்மா நலமா, அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று மறுபடி சொல், என்னைக் காப்பாற்றியவள் நீ என்பதை மறக்கவில்லை. வருடா வருடம் நான் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன், கடைசி வரியை விட்டுவிட்டு. அம்மா அட்டையை வாங்கி வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்வாள். இடையில் எனக்குக் கல்யாணமாகி நாகர்கோவிலுக்கு வந்தேன். அட்டை ஊருக்கே வரும், நான் போய் வாசிப்பேன்.

அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. அந்தக் கிறிஸ்துமஸிலிருந்து அட்டை வரவில்லை. அந்த வருடக் கடைசியில்தான் துணிந்து ஹெல்காவுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். கூனியைப் போட்டது யார், டாக்டர் கேட்டபோது யார் என்ன சொன்னது என்று எல்லாவற்றையும். மூன்று மாதம் தினமும் தபாலைப் பார்த்தேன். கடைசியில் என் கடிதமே திரும்பி வந்தது, எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் ஒரு முத்திரையோடு. மகள் போனில் தட்டிப் பார்த்துச் சொன்னாள், இந்த முகவரியில் இப்போது ஆள் இல்லை என்று அர்த்தமாம்.

கடற்கரை வீட்டை விற்றாயிற்று. வாங்கியவர் மாடியை இடித்துவிட்டார். வாசலிலிருந்து பார்த்தால் தெரிந்த கடலும் இப்போது தெரியாது, அலை தடுக்கக் கருங்கல்லை மலைபோல் கொட்டி வைத்திருக்கிறார்கள். சேவியர் அண்ணன் ஆட்டோவை விட்டுவிட்டு மகனோடு துபாய்க்குப் போய்விட்டார். அன்று ஆஸ்பத்திரியில் அம்மா என்னைப் பார்த்த பார்வையின் அர்த்தம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அம்மாவும் நானும். அந்தக் கூனி அவள் போட்டதில்லை, நான் போட்டது என்று சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியவர் ஒருவர் இருந்தார். அவர் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது.