தொப்பியோடு திரும்பி வந்த கேப்டன்

சினிமாக் கொட்டகையில் நான் தூங்கியதே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் இதை நம்புவார் யாரும் இல்லை. எப்போது சினிமாப் பேச்சு வந்தாலும், "அவதான் கடல் படத்துல தூங்குனவளாச்சே" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை.

கடல் படம் ஓர் இங்கிலீஷ் படம். அதற்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது, ஆனால் எங்கள் பக்கம் அதை வாயில் நுழைத்தவர் யாருமில்லை. தண்ணீருக்குள் போகும் ஒரு கப்பல், தாடி வைத்த ஒரு கேப்டன், முழுகிப்போன புதையலைத் தேடும் அவருடைய ஆட்கள், பிறகு அந்த ஆக்டோபஸ். அதன் ஒவ்வொரு கையும் பனைமரம் கனத்துக்கு இருக்கும். கேப்டன் ஒரு கத்தியை வைத்துக்கொண்டு அதோடு சண்டை போட்டு ஜெயிப்பார். கடைசியில் கப்பலுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். ஆட்களையெல்லாம் மேலே அனுப்பிவிட்டு அவர் மட்டும் உள்ளேயே இருந்து செத்துப்போவார். அவருடைய தொப்பி தண்ணீரில் மிதந்துகொண்டே போகும். எழுத்துப் போட்டுவிடுவார்கள். அவ்வளவுதான் கதை. பேச்சு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் கதை புரியும்.

அரியலூர்க் கொட்டகையில் புதுப்படம் அகப்படாத போதெல்லாம் இதைத்தான் போடுவார்கள். கூட்டம் குறைந்ததே இல்லை. வானம் பார்த்த பூமி எங்களுடையது, கடலைக் கண்ணால் பார்த்தவர்கள் ஊருக்கு ஒன்றிரண்டு பேர் இருந்தால் அதிகம். ஆனால் கொல்லையில் ஏர் ஓட்டினால் நத்தை மாதிரிச் சுருண்ட கல் வரும். கிளிஞ்சல் அப்படியே கல்லாகிக் கிடக்கும். இதெல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று பள்ளிக்கூடத்தில் சார் சொல்லியிருந்தார். திரையில் கடலின் அடித்தரையைக் காட்டும்போது பெஞ்சு டிக்கெட்டிலிருந்து எவனாவது, "டேய், நம்ம மைன்ஸுடா இது!" என்று கத்துவான். சுண்ணாம்புக்கல் வெட்டும் பள்ளத்தைத்தான் நாங்கள் மைன்ஸ் என்போம். கொட்டகையே சிரிக்கும், நான் சிரிக்க மாட்டேன். எனக்கு அது நம்ம ஊர்தான். கேப்டன் எங்கள் முந்திரிக் கொல்லைக்கு அடியில் எங்கோதான் செத்துக் கிடக்கிறார் என்று நான் உறுதியாக நம்பினேன்.

இப்போது அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை. தினமும் அரியலூருக்கு பஸ் ஏறி டைப்ரைட்டிங் கிளாஸ் போய்வந்தாள். வீட்டில் அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாத்தா கையில் திருமானூர் வரன் ஒன்று தயாராக இருந்தது. கரும்பு, நெல், டிராக்டர் எல்லாம் உண்டு. அதோடு மாப்பிள்ளைக்கு மூத்த தாரம் தவறிப்போய், அத்தையை விடக் கொஞ்சமே சின்னவளான ஒரு மகளும் உண்டு. இந்தச் சமயத்தில்தான் அம்மா, தன் பிறந்த ஊரான ஆண்டிமடம் பக்கத்திலிருந்து ஒரு வரனைக் கொண்டுவந்தாள். நம்ம சனம்தான், முந்திரிக் கொல்லை உள்ள குடும்பம், பையன் டவுனில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறான் என்றாள். தாத்தா யோசித்துவிட்டு, வந்து பார்க்கட்டும், தோதுப்படவில்லை என்றால் ஆடிக்கு முன்னாடி திருமானூரை முடித்துவிட வேண்டியதுதான் என்றார். அத்தை அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

தாத்தாவுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பெண்ணும் பிள்ளையும் முன்னாடியே பார்த்துப் பழகிய சம்பந்தம் எதுவும் நம் வாசற்படி ஏறக்கூடாது. அவருடைய தம்பி மகள் தானாகவே ஒருவரைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள் என்பதற்காகத் தம்பியோடு பேச்சையே விட்டவர். ஒரே பைப்பில் தண்ணீர் பிடிக்க வருவார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அது எனக்கே தெரியும்.

பெண் பார்க்க வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, வீட்டோடு எல்லோரையும் கடல் படத்துக்கு அழைத்துப் போனார். தாத்தா கூட வந்தார். அத்தை மட்டும் தலைவலி என்று வீட்டில் இருந்துவிட்டாள். கடல் படத்தை வேண்டாம் என்று சொல்கிற மனுஷியும் உண்டா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அம்மாவுக்கு அதுதான் முதல் தடவை. படம் முடிந்து எழுத்துப் போட்டு, விளக்குப் போட்டு, சனமெல்லாம் எழுந்த பிறகும் அம்மா இடத்தை விட்டு அசையவில்லை. அப்பா கூப்பிட்டதற்கு, "இருங்க, இன்னும் இருக்கு" என்றாள். திரை வெள்ளையாக இருந்தது. கூட்டுகிறவர் துடைப்பத்தோடு எங்கள் வரிசைக்கே வந்துவிட்டார். தாத்தா வாசலில் நின்றுகொண்டு பஸ் போய்விடும் என்று சத்தம் போட்டார். நான்தான் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினேன். எனக்கு வெட்கமாக இருந்தது, என் சிநேகிதி ஒருத்தி வேறு பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் காலையிலேயே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா அம்மா, அண்ணன். கூடத்தில் ஜமக்காளம் விரித்து உட்காரவைத்தோம். கேசரி, காராபூந்தி, காப்பி. அத்தை தலையைக் குனிந்தபடி வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். மாப்பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. தாத்தாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மரியாதைப்பட்ட பிள்ளை என்று அப்பாவின் காதில் சொன்னார், அது எல்லோர் காதிலும் விழுந்தது.

பெரியவர்கள் மழை, முந்திரி விலை எல்லாம் பேசித் தீர்த்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, லீவுல என்ன பண்ணின என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. நான் கடல் படத்தை ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தேன். எல்லோரும் போனோம், அத்தை மட்டும் வரவில்லை, அவள் இன்னும் பார்க்கவே இல்லை என்று அத்தைக்காக வருத்தமும் பட்டேன். ஆக்டோபஸை முடித்துவிட்டுக் கேப்டனைச் சாகடித்தேன். தொப்பி மிதந்து போவதைக் கையால் காட்டினேன்.

அதுவரைக்கும் ஊமையாக இருந்த மாப்பிள்ளை, "இல்ல பாப்பா, மாத்திச் சொல்ற" என்றார். "கேப்டன் செத்த பொறவுதான் ஆக்டோபஸ் வரும். அவரு திரும்பி வந்து அத வெட்டிப் போடுவாரு."

எனக்கு வந்ததே கோபம்! செத்தவர் எப்படித் திரும்பி வருவார் என்று கேட்டேன். சார் சொல்லிக்கொடுத்த விஞ்ஞானமெல்லாம் எடுத்து விட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். நான் தாத்தாவைப் பார்த்து, நீங்களே சொல்லுங்க தாத்தா என்றேன். தாத்தா ஆக்டோபஸ் வருவதற்கு முன்னாலேயே குறட்டை விட்டவர். தூங்கினது அவர்.

அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. "வருவாரு. போன தொப்பி மறுபடி தலையில இருக்கும்."

மாப்பிள்ளையின் கையிலிருந்த டம்ளர் அந்தரத்தில் நின்றுவிட்டது. தாத்தா மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பினார்.

"நீ எப்பம்மா பாத்த?"

பதில் என் நுனி நாக்கில் இருந்தது. அவள் பார்க்கவே இல்லை, பொய் சொல்கிறாள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கேசரித் தட்டோடு வந்த அம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாவாடைக்கு மேலேயே தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். உயிர் போய்விட்டது.

"நான்தான் மாமா அதுக்குக் கதை சொன்னேன்" என்றாள் அம்மா, தாத்தாவைப் பார்த்து. "எனக்கு இங்கிலீஷா தெரியும்? முன்னது பின்னது மாத்திச் சொல்லித் தொலைச்சிட்டேன் போலருக்கு. இவளும் அன்னிக்கு முக்காவாசி தூங்கிட்டா, இவ சொல்றதையும் நம்பாதீங்க."

"நான் தூங்கல!" என்று கத்தினேன். இன்னொரு கிள்ளு.

மாப்பிள்ளையின் அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்க வூட்டு ஆளும் அப்படித்தாங்க. கொட்டகைக்குப் போனா அடிச்சுப்போட்ட மாதிரித் தூங்கிட்டுதான் வருவான். அவன் கேட்டதும் எவனாச்சும் மாத்திச் சொன்ன கதையாத்தான் இருக்கும்" என்றார். தாத்தா ஒரு நிமிஷம் எல்லோர் முகத்தையும் பார்த்தார். அப்புறம் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டும் ஒண்ணுபோலத் தப்பாச் சொல்லுதுங்களே! ஜாதகத்துல பாத்த பொருத்தத்துக்கெல்லாம் மேல இது ஒரு பொருத்தமாவுல்ல இருக்கு" என்றார். அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். திருமானூருக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பியாயிற்று.

நான் மாட்டுக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். கேசரி கூடச் சாப்பிடவில்லை. சரியாகச் சொன்ன ஒரே ஆள் நான். எனக்குக் கிடைத்தது கிள்ளும் தூங்குமூஞ்சிப் பட்டமும். தப்பாகச் சொன்ன இரண்டு பேருக்குக் கல்யாணம். அத்தை வந்து சமாதானப்படுத்தினாள், என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழவும் செய்தாள். பெரியவர்களுக்குத் தலைகால் புரியாது என்று அன்றே முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த மாப்பிள்ளைதான் என் மாமா. இப்போது பெரம்பலூரில் வீடு கட்டி, பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். போன மாதம் அவர்களுடைய கல்யாண நாளுக்கு நானும் அம்மாவும் போயிருந்தோம். வருஷா வருஷம் அன்றைக்கு அந்தப் படத்தைப் போட்டுப் பார்ப்பது மாமாவின் வழக்கம். கேசட்டில் பார்த்தார்கள், பிறகு சி.டி. தட்டு வந்தது, இப்போது சுவர் அகலத்துக்கு ஒரு டிவி. ஆக்டோபஸ் வந்ததும் பேரன், "ஐயே, ரப்பரு!" என்று சிரித்தான். சிரித்தவன் கொஞ்ச நேரத்தில் மாமாவின் மடியில் ஏறி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டான். கேப்டன் செத்தார், தொப்பி மிதந்து போயிற்று, எழுத்துப் போட்டார்கள். மாமாவும் அத்தையும் எழுந்திருக்கவில்லை.

"முடிஞ்சிடுச்சு தாத்தா" என்றான் பேரன்.

"எங்களுக்கு இதுக்கப்பறம்தாண்டா படமே" என்றார் மாமா. "அன்னிக்கு வியாழக்கிழமை மேட்னி. ஆப்பரேட்டரு கடைசி ரீலையும் அதுக்கு முந்தின ரீலையும் மாத்திப் போட்டுட்டாரு. எழுத்துப் போட்டாச்சுன்னு எந்திரிச்ச சனமெல்லாம் திரும்ப ஒக்காருது. செத்த மனுஷன் தொப்பியோட வந்து நிக்கிறாரு. ஒருத்தனும் ஏன்னு கேக்கலையே, விசிலுதான்! அடுத்த ஆட்டத்துக்குச் சரி பண்ணிட்டாங்க. அந்த ஒரே ஒரு ஆட்டம். கல்யாணத்துக்குப் பொறவு மறுபடி பாத்தப்பதான் எங்களுக்கே வெளங்குச்சு."

"சும்மா இருங்க, புள்ளைங்க முன்னாடி" என்றாள் அத்தை. இந்த வயதிலும் முகம் சிவந்துபோயிற்று.

எங்களுக்கு என்றாரே, அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு ஆட்டம். டைப்ரைட்டிங் கிளாஸ். வியாழக்கிழமை. என் தாத்தா இப்போது இல்லை, யாரும் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. என்றாலும், அன்று மட்டும் நான் நினைத்ததைச் சொல்லி முடித்திருந்தால், இந்த வீடும் இல்லை, இந்தப் பேரனும் இல்லை.

பக்கத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் திரும்பி, நீ எப்போது அத்தைக்கு அந்தக் கதையைச் சொன்னாய் என்று கேட்டேன்.

"நான் எங்கடி சொன்னேன்? அவதான் எனக்குச் சொன்னா. அன்னிக்குச் சாயங்காலம் பஸ்ஸ விட்டு எறங்கி நேரா அடுக்களைக்கு வந்து, யாரோட போனேன்னும் சொன்னா, என்ன பாத்தேன்னும் சொன்னா. எனக்குப் படபடன்னு வந்துருச்சு. மறுநாளே எங்கூருக்கு ஆள் அனுப்பி அந்தப் புள்ளையோட வூட்டப் பத்தி விசாரிச்சேன்." கடலையை ஊதித் தோலைத் தள்ளினாள். "எழுத்துப் போட்டதும் எந்திரிச்சிராதீங்க அண்ணி, அவரு திரும்பி வருவாருன்னா."

எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணுக்கு முன்னால் வந்தது. வெள்ளைத் திரை, துடைப்பக்காரர், வாசலில் தாத்தாவின் சத்தம். அத்தைக்காகத் தன் பிறந்த வீட்டையே இழுத்துவிட்டுவிட்டு, செத்தவர் எழுந்து வருவதை ஒரு தடவை தானும் பார்த்துவிட வேண்டுமென்று அம்மா உட்கார்ந்திருந்தாள். படம் முடிந்துபோனது கூடத் தெரியாத அம்மா என்று நினைத்துக்கொண்டு, நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.