அம்மா கல்லில் வரைந்த கப்பல்

எனாமல் பெயின்ட் வாசனையும் மழையில் நனைந்த மண் வாசனையும்... அன்று காலை மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் சந்து முழுக்க அதுதான்.

மெர்டேக்கா வருஷம், மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம். எனக்கு ஒன்பது வயது. கால்வாய் தோண்டியபோது கிடைத்த கற்கள், பூசணிக்காய் பருமனில், சந்தின் ஓரம் குவிந்து கிடந்தன. அவற்றைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு மக்சிக் லெட்சுமிக்கு ஒரு யோசனை. மக்சிக் என்றால் மலாயில் அத்தை. அவர் மலாக்கா செட்டிக் குடும்பம். பெயரும் சாமியும் நம்முடையவை. பேச்சு மட்டும் மலாய்.

வீடு வீடாகக் கதவைத் தட்டினார். "சத்து ரூமா, சத்து பத்து!" வீட்டுக்கு ஒரு கல். குடும்பமாக வந்து வர்ணம் தீட்ட வேண்டும். சுதந்திர நாளுக்குச் சந்தின் இரண்டு பக்கமும் வரிசையாக வைக்கலாம். பெயர்ப்பலகை எழுதும் கடையின் சீன முதலாளி, தவுக்கே, மிச்ச பெயின்ட் டின்களைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் குடும்பமாக எதுவுமே நடக்காத நேரம் அது.

அப்பாவுக்கு இங்கேயே பிரஜை ஆகிவிட ஆசை. அம்மாவுக்கு நாகப்பட்டினம் திரும்ப வேண்டும். "எனக்கு இங்க யாரு இருக்கா? பாஷைகூட வரல." இரண்டு மாதமாக இருவருக்கும் நடுவில் நான்தான் தூது.

"அப்பாவ சாப்பிட வரச் சொல்லு."

"பசி இல்லன்னு சொல்லு."

அம்மாவின் டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்தது.

மக்சிக் அம்மாவைக் கையைப் பிடித்தே இழுத்து வந்தார். அதற்குள் அப்பாவும் நானும் எங்கள் கல்லில் வரைந்த மாம்பழம் உருளைக்கிழங்காகியிருந்தது. அம்மா கல்லின் மறுபக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, பிரஷ்ஷை எடுத்தார்.

அதுவரை அவர் பென்சில் பிடித்துக்கூட நான் பார்த்ததில்லை.

நீலம் விரிந்தது. அதில் ஒரு கப்பல்... புகைக்கூண்டு, நங்கூரச் சங்கிலி, மேல்தட்டில் நெருக்கியடித்து நிற்கும் மனிதர்கள். ஒவ்வொருவரும் தீக்குச்சி முனையளவுதான். ஆனால் அவர்கள் தலையிலிருந்த மூட்டைகூடத் தெரிந்தது. கல்லின் மேடு பள்ளமே அலையாகிவிட்டது. தங்கள் கல்லை விட்டுவிட்டு ஒவ்வொருவராக வந்து எங்களைச் சுற்றி நின்றார்கள். குனிந்து பார்த்த தவுக்கே நிமிரவே இல்லை.

அம்மா கிளம்பப் போகிறார் என்றே நினைத்தேன். அப்பாவின் முகமும் வெளுத்துப்போயிருந்தது.

மக்சிக் கேட்டார். "காப்பால் நி மோ பி மானா?" இந்தக் கப்பல் எங்கே போகிறது?

அம்மா பிரஷ்ஷைத் துடைத்தார். மீன் விலை கேட்பதற்கு மேல் மலாய் பேசியறியாதவர்...

"சூடா சம்பை" என்றார்.

வந்து சேர்ந்தாச்சு.

அப்பா என்னைத் தேடவில்லை. நேராக அம்மாவிடமே பேசினார். "இவ்ளோ நல்லா வரைவியா நீ? பத்து வருஷமா எனக்குத் தெரியலையே!"

"நீங்க கேட்டாத்தானே..."

பின்னாளில் சந்துப் பாதையை அகலமாக்கியபோது அந்தக் கற்களெல்லாம் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. படம் பிடித்து வைக்க எங்களிடம் கேமரா இல்லை. அம்மா கடைசிவரை மலாக்காவில்தான் இருந்தார். மறுபடி பிரஷ்ஷைத் தொடவில்லை.

போன மாதம் ஆயர் குரோவில், மகள் குடியிருக்கும் இடத்தில், குடும்பங்கள் கூடிக் கல்லில் வரைந்தார்கள். விதவிதமான பிரஷ்கள், மேசைக்கு மேசை விரிப்பு, முடிந்ததும் ஆளுக்கொரு போட்டோ. பிள்ளைகள் அழகாகத்தான் வரைந்தார்கள். என் பக்கத்தில் ஓர் இளம் அம்மா, மகனின் கல் உருளாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். தனக்கென்று ஒன்று எடுக்கவில்லை.

நான் ஒரு கல்லை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.